டாக்டர் கேட்டபோது ‘இல்லை’ என்றேன்

நான்கு வருடத்துக்கு முன்னால் நடந்தது இது. தீபாவளி முடிந்து இரண்டு வாரம் இருக்கும். ஆண்டுக் கடைசி மழை பிடித்துக்கொண்ட நேரம். குளுவாங் டவுனிலிருந்து உள்ளே தள்ளி, செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே எங்களுக்கு ஒரு கோழிப் பண்ணை இருக்கிறது. அங்கேதான் நடந்தது.

பண்ணை என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ளாதீர்கள். இரண்டு நீளக் கொட்டகை, ஒரு தண்ணீர் டாங்கி, தீவனம் அடுக்க ஒரு ஸ்டோர், வேலை ஆள் தங்க ஓர் அறை. அவ்வளவுதான். என் வீட்டுக்காரருக்கு சிங்கப்பூரில் வேலை. வாரக் கடைசியில்தான் வருவார். அதனால் பண்ணை முழுக்க என் பொறுப்பு. துணைக்கு ஒரே ஓர் ஆள். வங்காளதேசத்துக்காரர். முப்பத்தைந்து வயது இருக்கும். ஊரில் மனைவியும் இரண்டு பெண் பிள்ளைகளும் இருந்தார்கள். நான் அவரை ‘பாய்’ என்று கூப்பிடுவேன். அவர் என்னை, மலாய்க்காரர்கள் அக்காவைக் கூப்பிடுகிற மாதிரி, ‘கக்கா’ என்பார். இரண்டு பேருக்கும் பொதுவாக இருந்தது அரைகுறை மலாய். அதை வைத்தே ஐந்து வருடம் நன்றாக ஓடியது.

என்னைப் பற்றி ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கோழிக்கு மருந்து கொடுப்பதில் நான் கெட்டிக்காரி என்று எனக்கு ஒரு பேர் இருந்தது. ஸ்டோரில் ஒரு பழைய துணி அலமாரியைப் போட்டு, அது நிறைய மருந்துப் பொட்டலங்கள் வைத்திருந்தேன். மஞ்சள் பொடி, வெள்ளைப் பொடி, ரோஸ் நிறப் பொடி. எல்லாமே கிருமியைக் கொல்கிற ஆன்டிபயாட்டிக். குஞ்சு வந்து இறங்கிய அன்றே டாங்கியில் மஞ்சளைக் கலக்கிவிடுவேன். மழை பெய்தால் வெள்ளை. வெயில் கொளுத்தினாலும் வெள்ளை. ஒரு கோழி தும்மினால் போதும், கொட்டகை முழுவதற்கும் ரோஸ். நோய் வந்து கொடுத்தது குறைவு. வந்துவிடக் கூடாதே என்று கொடுத்ததுதான் அதிகம்.

சாஆ என்கிற ஊர்ப் பக்கமிருந்தெல்லாம் பண்ணைக்காரப் பெண்கள் எனக்குப் போன் போடுவார்கள். குஞ்சு சோர்ந்து நிற்கிறது, என்ன கலக்கலாம் என்று கேட்பார்கள். நான் சமைத்துக்கொண்டே போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு எத்தனை கரண்டி, எத்தனை நாள் என்று சொல்வேன். கோழியை நேரில் பார்த்ததுகூட இருக்காது. அந்தப் போன் வருவதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது. அதை மறைக்க விரும்பவில்லை.

அந்த வாரம் ஒரு கொட்டகையில் கோழிகளை லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டு, தரையில் கிடந்த உமியையும் எச்சத்தையும் பாய் சுரண்டி அள்ளிக்கொண்டிருந்தார். ஓரத்தில் அறுந்து நீட்டிக்கொண்டிருந்த வலைக்கம்பி அவருடைய முழங்காலுக்குக் கீழே கிழித்துவிட்டது. என்னிடம் சொல்லவில்லை. பைப் தண்ணீரில் கழுவி, ஒரு துணியைக் கட்டிக்கொண்டு அதே எச்சத்தில் நின்று வேலையை முடித்திருக்கிறார். மூன்றாம் நாள், தீவன மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஒரு காலைச் சரியாக ஊன்றாமல் நடந்ததைப் பார்த்துத்தான் நான் கேட்டேன். துணியை அவிழ்த்தால், காயத்தைச் சுற்றிச் சிவந்து, தோல் பளபளவென்று வீங்கி இருந்தது.

கிளினிக் அரை மணி நேரத் தூரம்தான். கூட்டிக்கொண்டு போயிருக்கலாம். ஆனால் மறுநாள் புதுக் குஞ்சு வந்து இறங்க வேண்டும். கொட்டகை இன்னும் காயவில்லை. அதைவிட உண்மையான காரணம், எனக்கே தெரியும் என்று நினைத்ததுதான். என் வீட்டுக்காரர் பல் பிடுங்கியபோது டாக்டர் கொடுத்த மாத்திரையில் பாதி மிச்சம் இருந்தது. அதைக் கொடுத்தேன். அலமாரியைத் திறந்து, கோழிக்குக் கலக்குகிற வெள்ளைப் பொடியை எடுத்துக் காயத்தின் மேல் தூவிக் கட்டினேன். கோழிக்குக் கேட்கிறது, மனுஷனுக்குக் கேட்காதா என்று சிரித்துக்கொண்டே சொன்னதுகூட எனக்கு நினைவிருக்கிறது. பாயும் சிரித்தார்.

இரண்டு நாளில் வீக்கம் கொஞ்சம் வற்றிய மாதிரி இருந்தது. சரியாகிவிட்டது, மிச்ச மாத்திரையை எடுத்து வையுங்கள், அடுத்த தடவைக்கு ஆகும் என்று நானே நிறுத்தச் சொன்னேன்.

அதற்கடுத்த இரண்டாம் நாள் மத்தியானம், குஞ்சுகளைப் பார்க்கக் கொட்டகைக்குள் போனேன். குஞ்சுகளுக்குச் சூடு காட்ட விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. உள்ளே நுழைந்தாலே வேர்த்து ஊற்றும். அந்தச் சூட்டில், கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல் உட்கார்ந்து பாய் குளிரில் நடுங்குவது மாதிரி நடுங்கிக்கொண்டிருந்தார். பேன்ட்டைத் தூக்கிப் பார்த்தேன். சிவப்பு முழங்காலைத் தாண்டி மேலே ஏறியிருந்தது. காயத்திலிருந்து வந்த வாடையை நான் இங்கே எழுதப்போவதில்லை.

வேனில் ஏற்றிக்கொண்டு கிளினிக்குக்குப் போனேன். அங்கே காலைப் பார்த்ததுமே ஒரு கடிதத்தைக் கொடுத்து, நேராக ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் ஒரு மலாய்ப் பெண் டாக்டர் பார்த்தார். என்னைவிடப் பத்து வயது சின்னவராக இருப்பார். எப்போது கிழித்தது, எதில் கிழித்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார். கடைசியாக, இதற்கு முன்னால் ஏதாவது மருந்து கொடுத்தீர்களா என்று கேட்டார்.

“இல்லை டாக்டர்,” என்றேன்.

யோசித்துச் சொன்ன பொய் இல்லை. வாய் தானாகச் சொல்லிவிட்டது. கோழிப் பொடியை மனுஷக் காயத்தில் தூவினேன் என்று அத்தனை பேர் நடுவில் எப்படிச் சொல்வது? பண்ணையை மூடிவிடுவார்களோ, போலீஸ் வருமோ என்றெல்லாம் பிறகுதான் யோசித்தேன். அந்த நிமிஷத்தில் இருந்தது வெறும் வெட்கம். பாய் படுக்கையில் கண்ணை மூடிக் கிடந்தார். கேட்டிருக்க மாட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

காயத்திலிருந்து கொஞ்சம் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். என்ன கிருமி, எந்த மருந்துக்குக் கேட்கும் என்று தெரிய சில நாள் ஆகுமாம். அதுவரை இப்படிப்பட்ட காயத்துக்கு வழக்கமாகக் கொடுக்கிற மருந்தை நரம்பு வழியாக ஏற்றினார்கள். அன்று சாயந்திரமே கெட்டுப்போன சதையை வெட்டி எடுத்துச் சுத்தம் செய்தார்கள்.

மறுநாளும் காய்ச்சல் இறங்கவில்லை. அதற்கு மறுநாளும் இறங்கவில்லை. நான் காலையில் குஞ்சுகளுக்குத் தீவனம் வைத்துவிட்டு, மத்தியானம் பார்வையாளர் நேரத்துக்கு ஆஸ்பத்திரிக்கு ஓடுவேன். போனதும் முதலில் அவர் காலைத்தான் பார்ப்பேன். சிவப்பு எதுவரை போகிறது என்று தெரிவதற்காகத் தோலில் பேனாவால் கோடு போட்டிருந்தார்கள். ஒவ்வொரு தடவையும் சிவப்பு அந்தக் கோட்டைத் தாண்டியிருந்தது. காலை எடுக்க வேண்டி வரலாம் என்று ஒரு நர்ஸ் என்னிடம் மெல்லச் சொன்னார். காலோடு போனால் பரவாயில்லை என்கிற மாதிரி இருந்தது அவர் சொன்ன விதம்.

மூன்றாம் நாள் நான் போனபோது கட்டிலைச் சுற்றித் திரை இழுத்துவிட்டிருந்தார்கள். உள்ளே டாக்டரின் குரல் கேட்டது. நான் வெளியே நின்றேன். அதே கேள்வியைத்தான் பாயிடம் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார். வழக்கமான மருந்து எதற்கும் கேட்காமல் இருக்கிறது. காயம் பட்ட பிறகு யாராவது ஏதாவது கொடுத்தார்களா? நன்றாக நினைத்துப் பார்த்துச் சொல்லுங்கள்.

பாய் மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார்.

“யாரும் ஒன்றும் கொடுக்கல டாக்டர். நானே தண்ணியில கழுவினேன். எனக்குக் காயம் பட்டதே கக்காவுக்குத் தெரியாது.”

டாக்டர் திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்து, என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுப் போய்விட்டார். திரை விலகிய இடத்தில் பாயும் என்னைப் பார்த்தார். உடனே முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. முதல் நாள் நான் ‘இல்லை’ என்றதை அவர் கேட்டிருக்கிறார். உடம்பு நெருப்பாகக் கொதித்துக்கொண்டிருந்த அந்த மூன்று நாளும் அவர் என் பொய்க்குக் காவல் இருந்திருக்கிறார்.

காரிடாரில் வந்து நின்று வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. வேலை நேரத்தில் அவரால் போனைத் தொட முடியாது. எனக்குத் தெரியும். தெரிந்தும் மறுபடி மறுபடி போட்டேன். அவர் எடுத்து, சொல்லிவிடு என்று சொன்னால் தைரியம் வரும். வேண்டாம் என்று சொன்னால் பழியை அவர் மேல் போடலாம். இரண்டில் ஒன்றுக்காகத்தான் காத்திருந்தேன் என்று இப்போது தெரிகிறது. கடைசியில் போனைப் பையில் போட்டுவிட்டு டாக்டரைத் தேடிக்கொண்டு போனேன்.

அவர் நர்ஸ்கள் உட்காரும் இடத்தில் எழுதிக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் நின்று, நான் பொய் சொன்னேன் என்றேன். எனக்குத் தெரிந்த மலாயில் அதை நாசூக்காகச் சொல்ல வார்த்தை இல்லை. அதுவும் நல்லதற்குத்தான். மாத்திரை கொடுத்தது, பாதியில் நிறுத்தியது, பொடி தூவியது எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் திட்டவில்லை. பொட்டலங்கள் வீட்டில் இருக்கிறதா, இப்போதே கொண்டுவர முடியுமா என்று மட்டும் கேட்டார்.

பண்ணைக்குப் போய் அலமாரியைத் திறந்து, உள்ளே இருந்ததையெல்லாம் ஓர் உரச் சாக்கில் வழித்துப் போட்டுக்கொண்டு வந்தேன். ஆஸ்பத்திரி தள்ளுவண்டி ஒன்றின் மேல் டாக்டர் அவற்றை வரிசையாக அடுக்கினார். ஒவ்வொரு பொட்டலத்தையும் திருப்பி, எழுத்தைப் படித்து, போட்டோ எடுத்துக்கொண்டார். இது எதற்கு, எத்தனை நாள் கொடுப்பீர்கள், எவ்வளவு காலமாக என்று கேட்டுக்கொண்டே வந்தார். குஞ்சு வந்ததும், மழைக்கு, வெயிலுக்கு என்று நான் பதில் சொல்லச் சொல்ல, என் காதுக்கே அது விசித்திரமாகக் கேட்டது. உடம்பு சரியில்லாத கோழி என் பதிலில் வரவே இல்லை.

எல்லாம் முடிந்ததும் அவர் தாழ்ந்த குரலில் சொன்னார்.

“ஒரே மருந்தை வருஷக்கணக்கா தண்ணியில கலந்து கொடுத்துக்கிட்டே இருந்தா, அதுக்குச் சாகிற கிருமியெல்லாம் செத்துடும். சாகாதது மட்டும் மிஞ்சி அதுதான் பெருகும். அந்தக் கிருமி எச்சத்துல இருக்கும், மண்ணுல இருக்கும், கையில இருக்கும். ஒருத்தருக்குக் காயம் பட்டு அது உள்ளே போயிட்டா, அதே வகை மருந்தை நான் ஏத்தினாலும் அதுக்குக் கேட்காது.”

அப்படியானால் இது என் பண்ணையிலிருந்து வந்ததா என்று கேட்டேன். அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்துத்தான் கேட்டேன்.

“வந்துச்சுன்னு என்னால சொல்ல முடியாது. வரலைன்னும் சொல்ல முடியாது,” என்றார்.

பரிசோதனை முடிவு இன்னும் வரவில்லை. ஆனாலும் அன்றே அவர் பெரிய டாக்டரிடம் பேசி, அந்தப் பொட்டலங்களில் இருந்த வகைகளையெல்லாம் தவிர்த்து வேறு ஒரு மருந்துக்கு மாற்றினார். எல்லாம் தோற்ற பிறகு எடுப்பதற்காகப் பத்திரமாக வைத்திருக்கிற மருந்தாம் அது. மறுநாள் முடிவு வந்தது. என் அலமாரியில் இருந்த மூன்று வகையில் இரண்டு வகைக்கு அந்தக் கிருமி அசையாது என்று அதில் இருந்தது. நாங்கள் முதலில் இழந்த அந்த மூன்று நாளைப் பற்றி டாக்டர் எதுவும் சொல்லவில்லை. நானே கணக்குப் போட்டுக்கொண்டேன்.

மருந்தை மாற்றிய இரண்டாம் நாள் சிவப்பு கோட்டுக்குள் நின்றது. அதற்கடுத்த நாள் உள்ளே சுருங்கத் தொடங்கியது. இன்னும் ஒரு தடவை அறுத்துச் சுத்தம் செய்தார்கள். கெண்டைக்கால் சதையில் ஒரு பகுதி போனது. ஆனால் கால் நின்றது, உயிரும் நின்றது.

காய்ச்சல் விட்டு அவர் எழுந்து உட்கார்ந்த அன்று, டாக்டரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன் என்று பாயிடம் சொன்னேன். ஏன் மறைத்தீர்கள் என்று கேட்டேன். போலீஸ் கக்காவைப் பிடித்துக்கொண்டு போய்விடும் என்று பயந்தாராம். பிறகு போனில் தன் மனைவியின் படத்தைப் பார்த்துக்கொண்டே இன்னொன்றும் சொன்னார். முதலில் கால் வீங்கியபோது அந்த அம்மா போனில் அழுதிருக்கிறார். அதற்கு இவர், “கக்கா மருந்து கொடுத்திருக்காங்க, நீ பயப்படாதே” என்று ஆறுதல் சொல்லியிருக்கிறார்.

நான் எழுந்து பாத்ரூமுக்குப் போய்விட்டேன். வெகு நேரம் கழித்துத்தான் வெளியே வந்தேன்.

வீட்டுக்காரர் அந்த வாரம் லீவு போட்டுவிட்டு வந்தார். நடந்ததைச் சொன்னேன். அவர் எழுந்து கொட்டகைக்குப் போய் அந்த அறுந்த வலைக்கம்பியை முதலில் வெட்டி எறிந்துவிட்டு வந்தார்.

இதோடு முடிந்திருந்தால் இதை ஒரு விபத்து என்று நினைத்து மறந்திருப்பேன். ஆனால் அடுத்த திங்கட்கிழமை, பக்கத்து மலாய்க் கிராமத்திலிருந்து, பெரியம்மா என்கிற மாதிரி நாங்கள் ‘மாக்சிக்’ என்று கூப்பிடுகிற அம்மா சாக்குகளோடு வந்து நின்றார். அறுபது வயது இருக்கும் அவருக்கு. எங்கள் பண்ணைக்குக் கீழே ஓடுகிற ஓடைக் கரையில் கங்கோங் கீரையும் வெண்டைக்காயும் போடுகிறார். என் கோழி எச்சத்தைத்தான் பச்சையாகவே அள்ளிக்கொண்டு போய் உரமாகப் போடுவார். பதிலுக்கு வாரம் இரண்டு கட்டு கீரை எனக்குக் கொடுப்பார். பல வருடப் பழக்கம். அவரைப் பார்த்ததும் எனக்கு டாக்டர் சொன்னது ஞாபகம் வந்தது. எச்சத்தில் இருக்கும், மண்ணில் இருக்கும். கொட்டகை கழுவிய தண்ணீரும் அந்த ஓடைக்குத்தான் போகிறது.

எச்சம் இல்லை என்று ஏதாவது சாக்குச் சொல்லி அனுப்பியிருக்கலாம். ஆனால் அந்த வாரத்தில் இன்னொரு பொய் சொல்ல என்னிடம் தெம்பு இல்லை. உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். இத்தனை வருடம் உங்களுக்கு நான் கொடுத்ததில் என்ன இருந்தது என்று எனக்கே தெரியாது என்றேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் சாக்கை மடிக்க ஆரம்பித்தார்.

“அந்தக் கீரையை நீயும்தானே சாப்பிட்டே,” என்றார்.

சமாதானமா, குற்றச்சாட்டா என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. ஆனால் அவ்வளவு சுருக்கமாக யாரும் எனக்கு அதைப் புரியவைத்திருக்க முடியாது. நான் டாங்கியில் கலக்கியது கோழிக்குள் போய், மண்ணுக்குப் போய், ஓடைக்குப் போய், திரும்ப என் வீட்டுச் சட்டிக்கே வந்திருக்கிறது.

மறுநாள் நானே கால்நடை இலாகா ஆபீசுக்குப் போனேன். கால்நடை டாக்டரான ஒரு பெண் அதிகாரி பண்ணைக்கு வந்தார். அவர் மருந்து அலமாரியைப் பார்க்கவே இல்லை. கொட்டகைக்குள் போய்க் குனிந்து, ஒரு கைப்பிடி உமியை அள்ளிப் பிழிந்தார். ஈரம் கையில் ஒட்டியது. கோழி குடிக்கிற குழாய்கள் எல்லாம் சொட்டிக்கொண்டிருந்தன. கொட்டகையின் பக்கத் திரையை எப்போதும் இறக்கியே வைத்திருந்ததால் எச்ச வாடை தேங்கி உள்ளே கண் எரிந்தது. வாசலில் கால் நனைத்துக்கொண்டு நுழையக் கிருமிநாசினித் தண்ணீர்த் தொட்டி இல்லை. எச்சக் குவியல் மழையில் கரைந்து ஓடைப் பக்கம் வழிந்துகொண்டிருந்தது.

“நீங்க நோய்க்கு மருந்து கொடுக்கல, அக்கா. ஈரத்துக்கு மருந்து கொடுத்துக்கிட்டு இருக்கீங்க,” என்றார். அவர் தமிழ்ப் பெண். சிரிக்காமல்தான் சொன்னார்.

அதற்குப் பிறகு நாங்கள் செய்ததெல்லாம் சின்னச் சின்ன வேலைகள். குழாய்களை மாற்றினோம். காற்றுப் போகத் திரையை ஏற்றி இறக்கப் பழகினோம். ஒரு தொகுதி கோழி போனதும் கழுவிக் காயவிட்டு, கொட்டகையைச் சும்மா போட்டு வைத்தோம். எச்சத்தை ஓடையிலிருந்து தள்ளிக் கூரை போட்டு, மட்கவிட்ட பிறகுதான் மாக்சிக்குக்குக் கொடுத்தோம். மட்கினாலும் எல்லாம் போய்விடும் என்று சொல்ல முடியாது, குறையும் என்றுதான் அந்த அதிகாரி சொன்னார். அதை அப்படியே மாக்சிக்கிடமும் சொல்லிவிட்டேன்.

பொடி இல்லாமல் வளர்த்த முதல் தொகுதியை என்னால் மறக்க முடியாது. ஒன்பதாம் நாள் விடாமல் மழை. குஞ்சுகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி மூலையில் குவிந்தன. சில செத்தும் போயின. என் கால் தானாக ஸ்டோருக்கு நடந்தது. வெற்று அலமாரியைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன். டவுனுக்குப் போனால் உடனே மஞ்சள் பொடி கிடைக்கும் என்று தெரியும். அதிகாரிக்குப் போன் போட்டேன். அவர் வந்து செத்த குஞ்சை அறுத்துப் பார்த்தார். கிருமிநோய் மாதிரி தெரியவில்லை, குளிர் என்றார். காற்றடிக்கிற பக்கம் விளக்கு ஒன்று அணைந்து போயிருந்ததை நான் கவனிக்கவே இல்லை. விளக்கை மாற்றினோம். சாயந்திரத்துக்குள் குஞ்சுகள் பரவி நின்று மேய்ந்தன. பழைய நானாக இருந்தால் அன்றைக்குப் பொடி கலக்கி, விளக்கையும் மாற்றி, பொடிதான் காப்பாற்றியது என்று பத்துப் பேருக்குச் சொல்லியிருப்பேன்.

மருந்தே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. அடுத்த வருடம் ஒரு தொகுதிக்கு நிஜமாகவே நோய் வந்தது. அதிகாரி பரிசோதித்து எழுதிக் கொடுத்த மருந்தை, அவர் சொன்ன நாள் முழுக்கக் கொடுத்தோம். அது உடம்பிலிருந்து இறங்குகிற வரை கோழியை விற்காமல் காத்திருந்தோம். மருந்து வேலை செய்தது. தேவையில்லாத நாளில் செலவழிக்காமல் இருந்ததால்தான் வேலை செய்தது என்று எனக்குத் தோன்றியது.

சங்கடமான இன்னொன்றும் நடந்தது. வழக்கம்போல் போன் போட்ட பெண்களிடம், எனக்குத் தெரியாது, கால்நடை டாக்டரைக் கேளுங்கள் என்று சொல்ல ஆரம்பித்தேன். சிலர், தொழில் ரகசியத்தை மறைக்கிறேன் என்று நினைத்துக் கோபித்துக்கொண்டார்கள். சாஆவில் ஒரு தோழி, ஒரு கல்யாணத்தில் பார்த்தபோது பேசாமலே போய்விட்டாள். அவளுக்கு மட்டும் பிறகு வீட்டுக்கே போய், நான் போனில் எடுத்து வைத்திருந்த பாயின் கால் படத்தைக் காட்டி நடந்ததைச் சொன்னேன். அவள் நம்பினாளா தெரியாது. அடுத்த மாதம் அந்த அதிகாரியின் நம்பரைக் கேட்டு மெசேஜ் அனுப்பினாள்.

பாய் இரண்டு மாதம் கழித்து வேலைக்கு வந்தார். கனமான வேலை எதையும் நான் கொடுக்கவில்லை. ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்து நடப்பார். பெர்மிட் முடிந்து ஊருக்குப் போகிறவரை, நடந்ததைப் பற்றி ஒரு தடவைகூட அவர் என்னைக் குற்றம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். இப்போது ஊரில் சின்னதாக மளிகைக் கடை வைத்திருக்கிறார். பெருநாளுக்கு வீடியோவில் வருவார். பெரிய பெண் நெடுநெடுவென்று வளர்ந்துவிட்டாள்.

அவர் காலுக்குள் போன அந்தக் கிருமி என் கொட்டகையில் வளர்ந்ததா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது, இனிமேல் தெரியப்போவதும் இல்லை. தெரியாதே என்று சொல்லிக்கொண்டு நான் பழையபடியே இருந்திருக்கலாம்தான், ஆனால் தெரியாது என்பதனாலேயே என்னால் அப்படி இருக்க முடியவில்லை.